செட்டிநாட்டுக்கு வந்தால் வீடுகளும் சாப்பாடும் தவிர, பறவை விலங்கு பார்க்க ஒரு நாள் ஒதுக்கலாமா?

தாராளமாக ஒதுக்கலாம், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. ஆனால் காரில் போகாதீர்கள், சைக்கிளில் போங்கள்.

இந்த யோசனை என்னுடையது இல்லை. நார்வேயில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனுடையது. அங்கே குளிர்காலத்தில் காலில் பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போவானாம். மலை உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குகிற சறுக்கு இல்லை இது. ஷூவின் முன்பக்கம் மட்டும் கட்டையில் பூட்டியிருக்கும், குதிகால் தூக்கும். நடக்கிற மாதிரியே வழுக்கிக்கொண்டு போகலாம். இன்ஜின் இரைச்சல் இல்லாமல் போகையில் சில சமயம் மூஸ் என்கிற அந்தப் பெரிய மானும் எதிர்ப்படுமாம். "நம்ம ஊர்ல அதுக்கு சைக்கிள்தாண்ணே" என்றான்.

போன மார்கழியில் விடிவதற்கு முன்பே காரைக்குடியிலிருந்து இரண்டு பேரும் கிளம்பினோம். குன்றக்குடிக்கு முன்னாலேயே வயலில் மயில்கள். முருகன் ஊர், மலையையே மயில் வடிவம் என்பார்கள், அதனால் ஆச்சரியப்படவில்லை. பிள்ளையார்பட்டியில் வெளியே நின்றே ஒரு கும்பிடு. திருப்பத்தூரைத் தாண்டியதும் சீமைக்கருவேல முள் ஏறி என் பின்சக்கரம் பஞ்சர். கடை தேடி உருட்டியதில் ஒன்றரை மணி நேரம் போச்சு.

போக வேண்டிய இடம் மதுரை சாலையில் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கண்மாய்கள் சேர்ந்து 38.4 ஹெக்டேர், 1977-இல் சரணாலயம் ஆனது. நாங்கள் சேர்ந்தது உச்சி வெயிலில். பாதிப் பறவைகள் இரை தேடி வயல்களுக்குப் போயிருந்தன. இதற்காகவா மிதித்தோம் என்று நொந்துகொண்டு கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு மர நிழலில் படுத்துவிட்டோம்.

நான்கு மணிக்கு மேல்தான் ஆட்டம் ஆரம்பித்தது. நத்தைக்குத்தி நாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து, தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்களில் இறங்கின. பைனாகுலரில் பார்த்தால் அதன் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், ஆச்சி கையில் இருக்கும் பாக்குவெட்டி மாதிரியே. நத்தையை எடுக்க வசதியான அலகு. அரிவாள் மூக்கன், நீர்க்காகம், சாம்பல் நாரை எல்லாம் அடுத்தடுத்து வர, கிளைக்காக ஒரே சண்டை. வெளிச்சம் மங்கியதும், பகலெல்லாம் மரத்தில் தூங்கி வழிந்த வக்காக்கள் 'குவாக்' என்று கத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளம்பின. மில்லில் ஷிப்ட் மாறுகிற மாதிரி இருந்தது. அந்தக் கால் மணி நேரத்துக்காகவே இன்னொரு தடவை போவேன்.

இந்தப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வனத்துறை வந்து இனிப்பு கொடுக்கும். எங்கள் தெருப் பையன்களை ஒரு டப்பா மைசூர்பாகுக்கு இப்படி அடக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றிய வருஷம் என்றால் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் பறவையும் குறைவு. மூன்று மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். அப்புறம், கூடுதலாக ஒரு ட்யூப்.

திரும்பி வரும்போது நாங்கள் மிதிக்கவில்லை. சைக்கிள்களைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிவிட்டோம். இருட்டில் அந்தச் சாலையில் லாரிகளோடு போட்டிபோட இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.