அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரி ஏன் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் கட்டைவிரலால் கிட்டார் வாசித்தார்?

இரவில் வீட்டில் பயிற்சி செய்யும்போது சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். பிக்கை வைத்துவிட்டு கட்டைவிரலின் சதையால் மீட்டினார். அந்த மென்மையான, உருண்ட நாதமே பிறகு அவருடைய அடையாளமாகிவிட்டது.

1923-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பிறந்தவர். ஜாஸ் கிட்டார் முன்னோடி சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் காதால் கேட்டே, இருபது வயதை ஒட்டித்தான் கிட்டார் கற்றார். 1948 முதல் இரண்டு வருடம் லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் இருந்தார். அப்புறம் ஊர் திரும்பி, பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப் வாசிப்பு. 1959-இல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி அவர் வாசிப்பைக் கேட்டு அசந்துபோய் ரிவர்சைட் இசைத்தட்டு நிறுவனத்துக்குச் சொல்ல, வாழ்க்கை மாறியது.

அவருடைய ஆக்டேவ் வாசிப்பைக் கட்டாயம் கவனியுங்கள். கீழ் ஸ்தாயி 'ச'வும் மேல் ஸ்தாயி 'ச'வும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். நடுவிலுள்ள தந்தியை இடது கை விரல் லேசாகத் தொட்டு அடக்கிவிடும். இதை வேகமான மெட்டில் பிசிறில்லாமல் செய்வது மிகக் கடினம். ஒரு தனி வாசிப்பில் முதலில் ஒற்றை ஸ்வரங்கள், பிறகு ஆக்டேவ்கள், கடைசியில் முழு கார்டுகள் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பவை) என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவார்.

கடைசிக் காலப் பாப் ஆல்பங்கள் நன்றாக விற்றன. 1968-இல், 45 வயதில், மாரடைப்பால் இறந்தார். புதிதாகக் கேட்பவர்கள் 1965-இல் பியானோ கலைஞர் வின்டன் கெல்லியின் மூவர் குழுவோடு செய்த பதிவுகளில் தொடங்கலாம் என்பேன்.