பழைய வீட்டு நிலவு, கதவு, சுவரடிப் பட்டை: பெயிண்ட் சந்தேகங்களுக்குப் பதில்

காங்கேயம் பக்கம் தொட்டிக்கட்டு வீடுகளிலும் ஓட்டு வீடுகளிலும் உள்வேலைக்கு பெயிண்ட், பாலிஷ் அடிப்பதுதான் என் தொழில். நிலவு (கதவைத் தாங்கும் மரச் சட்டம், நிலை என்பார்களே அது), கதவு, சன்னல், தூண், அப்புறம் தரையை ஒட்டிச் சுவரில் ஓடும் பட்டை, அதாவது ஸ்கர்ட்டிங், இவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். எந்தக் கம்பெனி டப்பா வாங்கலாம் என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், டப்பாவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சே.

கோபியிலிருந்து: அண்ணா, எங்கள் அப்பாரு காலத்து வீடுங்க. சுவரடியில் அரை அடி உயரத்துக்குக் காவிக் கலர் எனாமல் பட்டை இருக்கிறது. வருசா வருசம் அடிக்கிறோம், ஆறு மாதத்தில் கொப்புளம் கட்டி உரிகிறது. எந்த பிரைமர் போடட்டும்?

எந்த பிரைமரும் வேண்டாம் தம்பி, முதலில் ஓதத்தை, அதாவது சுவரில் ஏறும் ஈரத்தைப் பாருங்கள். அந்தக் காலத்து மண்சாந்து, சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது. மண்ணில் இருக்கும் ஈரம் சுவர் வழியாக மேலே ஏறும், சுண்ணாம்புக் காரை அதைக் காற்றில் விட்டுவிடும், அதனால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் அதன் மேல் எனாமலைப் பூசி வாயை அடைத்துவிட்டால் உள்ளே நிற்கும் ஈரம் உப்போடு சேர்ந்து பெயிண்டைத் தள்ளும். சந்தேகம் இருந்தால் ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் சுவரிலிருந்துதான் வருகிறது. பிறகு வெளியே போய்ப் பாருங்கள்: வாசலுக்கு சிமெண்ட் தளம் போட்டு மேடாக்கியிருக்கிறீர்களா, ஓட்டுத் தண்ணீர் சுவரோரமாகவே விழுகிறதா, பொடக்காளியில் (வீட்டுக் கொல்லைப்புறத்தில்) பாத்திரம் கழுவும் தண்ணீர் அங்கேயே தேங்குகிறதா. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அதைச் சரி செய்யாமல் உள்ளே பிரஷ் தொடுவது வீண் செலவு. உள்ளே எனாமலைச் சுரண்டிவிட்டு, பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். யாராவது இடையில் அடியில் சிமெண்ட் பூசியிருந்தால் அதையும் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புக் காரையே போட வேண்டும், ஏனென்றால் சிமெண்ட் ஈரத்தைத் தடுக்காது, இன்னும் மேலே ஏற்றிவிடும். காவி நிறம் வேண்டும் என்றால் சுண்ணாம்பிலேயே காவிப் பொடியைக் கலந்து மூன்று கை மெல்லிசாக அடியுங்கள். எனாமல் மாதிரி மினுங்காது, உரியவும் உரியாது.

பொள்ளாச்சியிலிருந்து: ஆசாரத்து (முன் கூடத்து) கதவு ஆனைமலைத் தேக்கு என்று அப்புச்சி சொல்லுவார். மேலே பச்சை எனாமல் ஐந்தாறு கோட் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மரம் தெரிகிற மாதிரி செய்ய ஆசை. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறதுங்க.

குழந்தை இருப்பதைச் சொன்னது நல்லது. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல்தான் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்த எனாமல் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, மெஷின் வைக்கக் கூடாது, ஊதுவிளக்கு வைத்து எரிக்கவே கூடாது. கதவைக் கீல் கழற்றி வெளியே கொண்டுபோய், கீழே தார்ப்பாய் விரித்து, பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள். மிச்சத்துக்கு வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். என்95 மாஸ்க், கையுறை கட்டாயம். வேலை முடியும் வரை குழந்தையும், கர்ப்பிணி யாராவது இருந்தால் அவரும், சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று, நம் பக்கத்தில் மறந்துவிடுவார்கள்: சுரண்டிய தூசியை மாட்டுத் தாழிப் பக்கம் கொட்டாதீர்கள். மாடு நக்கும், ஈயம் மாட்டையும் கொல்லும்.

மரம் வெளியே வந்த பிறகு தேக்காக இருந்தால் தயவுசெய்து மறுபடி பெயிண்ட் அடிக்காதீர்கள். கடையில் ‘பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயை (வீட்டில் கொதிக்க வைக்க வேண்டாம்) மெல்லிசாகத் தேய்த்து, இறங்காமல் நிற்பதைத் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், அதனால் தண்ணீரில் முக்கி வெளியே விரித்துக் காய வையுங்கள். பழைய பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருந்து, மரம் தெரியவேண்டும் என்ற ஆசையும் இல்லை என்றால் இத்தனை பாடு வேண்டாம். பளபளப்பு போகிற அளவுக்கு நனைத்துத் தேய்த்து, காய்ந்ததும் மேலேயே அடித்துவிடலாம்.

அவிநாசியிலிருந்து: அண்ணா, வாசப்படியிலும் நிலவுக்கால் அடியிலும் வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் குங்குமம் வைக்கிறோம். அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது.

மஞ்சளால் அல்ல அம்மணி, அதோடு சேர்கிற எண்ணெயால். விளக்கெண்ணெய், கைப்பிசுக்கு எல்லாம் மரத்தில் ஊறியிருக்கும். சலவை சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து நார் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். அப்புறம் டர்பன்டைன் துணியால் ஒரு துடை. மஞ்சள் கறை மேலே ஊறி வராமல் இருக்க ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு ஒரு கோட், அதன் மேல் மர பிரைமர், பிறகு எனாமல். படியில் மஞ்சள் எனாமலையே அடித்துச் சிவப்புப் பொட்டு வைத்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் மனசு ஒப்பாது, உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாராபுரத்திலிருந்து: பெயிண்டர் நிலவில் இருந்த ஓட்டைக்கெல்லாம் சுவர்ப் பட்டி (வால் புட்டி) வைத்து அடைத்தார். மூன்று மாதத்தில் கொட்டிவிட்டது.

கொட்டத்தான் செய்யும். மரம் வெயிலுக்கும் மழைக்கும் விரிந்து சுருங்கும், சுவர்ப் பட்டிக்கு அந்த வளைவு கிடையாது. சின்ன ஓட்டைக்கு சாக்பவுடரும் வார்னிஷும் பிசைந்த பட்டி, பெரிதாக இருந்தால் மரத்தூளும் ஃபெவிகாலும். நிலவுக்கும் சுவருக்கும் இடையே ஓடும் விரிசலுக்கு பெயிண்ட் பிடிக்கும் அக்ரிலிக் சீலன்ட். சிலிக்கானில் பெயிண்ட் ஒட்டாது. உளுத்துப் பொடி கொட்டுகிற மரம், கரையான் ஏறிய மரம் என்றால் முதலில் மருந்து, தேவைப்பட்டால் ஆசாரியைக் கூப்பிட்டு ஒட்டுப் போடுவது, கடைசியில்தான் நான்.

பெருந்துறையிலிருந்து: வாட்டர் எனாமலா ஆயில் எனாமலா? சன்னல், கதவுக்கெல்லாம் வெள்ளை அடிக்கலாம் என்று இருக்கிறோம்.

வெள்ளை என்றால் வாட்டர் எனாமல். ஆயில் வெள்ளை இருட்டு அறையில் சீக்கிரம் பழுத்துவிடும், பழைய வீட்டு உள்ளறைகளில் வெளிச்சம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஆனால் பழைய ஆயில் பெயிண்ட் மேல் நேராக அடித்தால் நகம் பட்டாலே தோலாக வரும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள்: கலர் பஞ்சில் ஏறினால் அது வாட்டர் பெயிண்ட், ஏறாவிட்டால் ஆயில். ஆயில் என்றால் தேய்த்து, எதன் மேலும் ஒட்டும் பிரைமர் ஒரு கோட் போட்ட பிறகுதான் வாட்டர் எனாமல். அதிகம் தேய்படுகிற கதவு, படிக்கு இன்னமும் நான் ஆயில்தான் அடிக்கிறேன்.

உடுமலையிலிருந்து: பொங்கலுக்குள் முடிக்க வேண்டும், மார்கழியில் ஆரம்பிக்கலாமா?

பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டுகிற அன்று நிலவு ஈரமாக இருக்கக் கூடாது என்றால் கார்த்திகை மழை விட்டதுமே ஆரம்பியுங்கள். மார்கழிப் பனியில் ஆயில் எனாமல் காய ரொம்ப நேரம் எடுக்கும், காலை பத்து மணிக்கு மேல் அடித்து மூன்று மணிக்குள் நிறுத்துங்கள். அவசரம் இல்லை என்றால் மாசி, பங்குனி. ஆனி, ஆடியில் மட்டும் வேண்டவே வேண்டாம், உங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் ஈர பெயிண்ட் மேல் பாதித் தோட்டத்து மண் உட்கார்ந்திருக்கும்.

கரூரிலிருந்து: ரெட் ஆக்சைடு தரை, அதே சாந்தில் ஸ்கர்ட்டிங். மங்கிவிட்டது, மேலே பெயிண்ட் அடிக்கலாமா?

கூடாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டுத் துணியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருங்கள். தரைக்கு வேண்டாம், வழுக்கும்.

சத்தியிலிருந்து: சுண்ணாம்புச் சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் சுண்ணாம்பும் சேர்ந்து வருகிறது. நிலவு ஓரம் நேராக வர என்ன வழி?

டேப்பை விட்டுவிடுங்கள். பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை எடுத்து மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை அங்குல பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தப் படத்தின் ஓரத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு முதலில், மர வேலை கடைசியில். சுண்ணாம்பின் காரம் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும், அடித்த எனாமல் மேல் ஒரு சொட்டு தெறித்தாலும் காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.