அசையாத புள்ளி – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். பாய்மரப் படகுப் பயணங்களைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதும் குறிப்புகளைப் படித்து வருகிறேன். மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான்; கடலைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. என் இளைய மகன் சென்ற மாதம் நண்பர்கள் இருவருடன் ஆஸ்திரேலியாவின் கோகோஸ் தீவிலிருந்து நம் ரொட்ரிக்ஸ் தீவுக்குப் பாய்மரப் படகில் புறப்பட்டான். போகுமுன் ஓர் இணைப்பை அனுப்பி, இதைத் திறந்தால் நாங்கள் இருக்கும் இடம் வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் என்றான். அன்றிலிருந்து அடுப்பில் பால் வைத்தால்கூட ஒரு கண் கைபேசியில்தான்.

பத்தாம் நாள் இரவு புள்ளி நின்றுவிட்டது. முப்பத்தொரு மணி நேரம் அசையவில்லை. கடலோரக் காவல் படைக்குச் சொல்ல வேண்டும் என்றார் என் கணவர். சற்றுப் பொறுங்கள் என்றாள் மருமகள். நான் பூஜை அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். பிறகு அந்தப் புள்ளி ஒரே தாவலில் நூற்றெண்பது மைல் தள்ளி வந்து தோன்றியது. ரொட்ரிக்ஸில் இறங்கியதும் கேட்டால், சார்ஜர் கேபிளில் உப்புநீர் புகுந்துவிட்டது, அவ்வளவுதான் என்று சிரிக்கிறான்.

இப்போது இங்கே வீட்டில் இருக்கிறான். இன்னும் இரண்டு வாரத்தில் பக்கத்துத் தீவான ரீயூனியன் வழியாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புறப்படுகிறார்கள். செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும்போது படகு எப்படிக் காணாமல் போகும்? எதைக் கண்டு நான் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை? ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தாலே நிம்மதியாக இருந்திருக்குமோ என்றும் தோன்றுகிறது.

இப்படிக்கு,
ஒரு தாய், ரோஸ் ஹில்

*

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகன் நலமாக வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. அவர் சிரித்ததை மன்னித்துவிடுங்கள். படகில் இருப்பவருக்கு அந்த முப்பத்தொரு மணி நேரமும் வழக்கமான காவல் முறைகளாகவும், தூக்கமாகவும், சோறு வடிப்பதாகவும் கழிந்திருக்கும். கரையில் அது எப்படிக் கழிந்தது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

உங்கள் முதல் கேள்வியில் ஒரு பிழையான எண்ணம் இருக்கிறது. அது உங்களுடையது மட்டுமல்ல, ஏறத்தாழ எல்லாருடையதும் அதுதான். செயற்கைக்கோள் எதுவும் உங்கள் மகனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். கீழே யார் கேட்கிறார்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது. படகிலுள்ள சிறு கருவி அந்த அறிவிப்புகளைக் கேட்டுத் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. பிறகு அதை ஒரு சிறு செய்தியாக்கி, வேறொரு வகைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. நடுக்கடல் படகுகள் பெரும்பாலும் நம்பியிருப்பது இரிடியம் என்ற வலையமைப்பை. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள் துருவத்துக்குத் துருவம் சுற்றிவருவதால், எந்தக் கடலிலும் தலைக்கு மேலே ஏதேனும் ஒன்று இருக்கும். அது செய்தியை வாங்கித் தரைநிலையத்துக்குக் கைமாற்ற, அங்கிருந்து உங்கள் கைபேசிக்கு வருகிறது.

ஆகவே நீங்கள் பார்த்த புள்ளி படகு அன்று. படகு போட்ட கடிதம். கடிதம் வந்தால் முதலில் தேதியைப் பார்ப்போம் அல்லவா? இங்கும் முதலில் பார்க்க வேண்டியது புள்ளியின் மீது விரல் வைத்தால் தோன்றும் நேரத்தைத்தான். அதுவும் பல பக்கங்களில் உலகப் பொது நேரமாக இருக்கும். நம் நேரத்தை அறிய அதோடு நான்கு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அடுத்தது, எத்தனை மணிக்கு ஒருமுறை கருவி செய்தி அனுப்புமாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்பது. பந்தயப் படகுகள் அடிக்கடி அனுப்பும். உலா செல்லும் படகுகள் மின்கலத்தையும் சந்தாச் செலவையும் எண்ணி நான்கு மணிக்கோ ஆறு மணிக்கோ ஒருமுறை என்று வைத்துக்கொள்வதுண்டு. ஆறு மணி இடைவெளி என்றால், ஐந்து மணி நேரம் அசையாத புள்ளியில் கவலைப்பட எதுவுமில்லை.

இந்த இடைவெளியை மறந்து நானே ஒருமுறை வெட்கப்பட்டிருக்கிறேன். நண்பர் ஒருவர் இங்கிருந்து ரீயூனியனின் தென்கரையில் உள்ள சென்-பியேருக்குப் போய்க்கொண்டிருந்தார். நள்ளிரவில் தூக்கம் வராமல் வரைபடத்தைத் திறந்தேன். அவருடைய பாதையைக் காட்டும் சிவப்புக் கோடு கடலை விட்டுக் கரையேறி, பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலையின் சரிவைக் குறுக்கே வெட்டி, மறுபக்கம் மீண்டும் கடலில் இறங்கியிருந்தது. அவர் மனைவியைத் தொலைபேசியில் எழுப்பினேன். ஆறு மணிக்கு ஒரு புள்ளிதான் வரும் அண்ணா, நடுவில் இருக்கும் கோட்டைக் கணினி தானே போட்டுக்கொள்கிறது என்று அவர் தூக்கக் கலக்கத்திலும் பொறுமையாகச் சொன்னார். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள கோடு யாரும் பயணம் செய்த பாதை அன்று. சில பக்கங்கள் இதற்கும் மேலே போய், கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்துப் படகு இப்போது இங்கே இருக்கலாம் என்று ஓர் ஊகப் படகையும் ஓட்டிக் காட்டுகின்றன. எனக்கு அந்த வசதியில் சற்றும் உடன்பாடில்லை. வீட்டில் காத்திருப்பவர்கள் ஊகத்தையே நிஜமாக எடுத்துக்கொள்வார்கள்.

கப்பல்களைக் காட்டும் இணையப் பக்கங்களில் தேடி, மகனின் படகு அங்கே இல்லையென்று நீங்கள் கூடுதலாகக் கலங்கியிருக்கக்கூடும். அது வேறு ஏற்பாடு. ஏஐஎஸ் எனப்படும் அந்தக் கருவி, மோதலைத் தவிர்க்கக் கப்பல்கள் ஒன்றுக்கொன்று வானொலியில் பெயரும் இடமும் சொல்லிக்கொள்வதற்கானது. வெளிநாட்டுப் பயணம் செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அது கட்டாயம்; உங்கள் மகனுடையதைப் போன்ற சிறு படகுகளுக்கு அவ்வாறில்லை. படகில் அது இருந்தாலும், கரையிலுள்ள வாங்கிக் கருவிகளுக்கு அதன் குரல் சில பத்து மைல்கள்தான் எட்டும். தவிர, திரையில் தெரிவதால் மட்டும் யாரோ காவல் காக்கிறார்கள் என்று பொருளில்லை. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் நம் தீவின் புவான் தெஸ்னியில் பவளப்பாறை மேல் ஏறியதை நாம் மறக்கவில்லை. அது பாறையை நோக்கி வந்த தடமும் ஏஐஎஸ்ஸில் பதிவாகித்தான் இருந்தது.

சரி, புள்ளி நிற்கக் காரணங்கள் என்ன? உங்கள் வீட்டில் நடந்தது போல மின்சாரம் சேராமல் போவது மிக வழக்கமானது. யாராவது கருவியின் மேல் ஈரத்துணியைப் போட்டிருப்பார்கள். சந்தா மாதக் கடைசியில் முடிந்திருக்கும். கரையில் உள்ள இணையப் பக்கமே பழுதாகியிருக்கும். அபாயம் என்பது இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வருகிறது. அபாயத்துக்கென்று தனிக் கருவி இருக்கிறது, ஈபர்ப் என்பார்கள். அதை இயக்கினால் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கோஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுச் செயற்கைக்கோள் அமைப்புக்குக் குறிப்பு போகும், அங்கிருந்து மீட்பு மையத்துக்குப் போகும். ஒவ்வொரு ஈபர்ப்பும் உரிமையாளர் பெயரிலும், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் தொலைபேசி எண்ணோடும் பதிவு செய்யப்படுகிறது. குறிப்பு வந்ததும் மீட்பு மையம் விசாரிப்பது அந்த எண்ணில்தான். படகு உங்கள் மகனுடையதா, நண்பருடையதா என்று நீங்கள் எழுதவில்லை. நண்பருடையது என்றால், அழைப்பு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலோ பிரிஸ்பேனிலோ உள்ள ஏதோ ஒரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டு எண்ணை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணையும் அவர்களுக்குக் கொடுங்கள். புள்ளி நின்றால் முதலில் பேச வேண்டியது அவர்களோடு. அவர்களுக்கும் தகவல் இல்லை, பேசி வைத்த கெடுவும் கடந்துவிட்டது என்றால், ஒருவர் மட்டும் கடலோரக் காவல் படையை அழைத்து, படகின் பெயர், ஆட்களின் எண்ணிக்கை, கடைசிப் புள்ளியின் நேரம், நிலை ஆகியவற்றைச் சொல்லுங்கள். உங்கள் கணவர் நினைத்தது தவறன்று. ஆனால் அந்தக் கெடுவை அன்றிரவு தீர்மானித்திருக்கக் கூடாது, புறப்படுமுன் மகனோடு உட்கார்ந்து தீர்மானித்திருக்க வேண்டும்.

தெரியாமலே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமோ என்று கேட்கிறீர்கள். 1968ல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர். அவருடைய 'சுஹைலி' பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட படகு. நவம்பரில் நியூசிலாந்துக் கரையைக் கடந்தபின் அவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. அடுத்த ஏப்ரலில் அட்லாண்டிக்கில் ஒரு எண்ணெய்க் கப்பல் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவர் உயிரோடிருப்பது வீட்டாருக்குத் தெரிந்தது. நான்கு மாதத்துக்கு மேல். உங்களுடைய முப்பத்தொரு மணி நேரத்தை அதனோடு ஒப்பிட்டுச் சிறிதாக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமை நிம்மதியாக இருந்திருக்கும் என்று என்னால் எண்ண முடியவில்லை.

அந்தப் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2018ல், அவர் அன்று கலந்துகொண்ட கோல்டன் குளோப் என்ற உலகைச் சுற்றும் படகுப் பந்தயத்தை மீண்டும் நடத்தினார்கள். அதன் விதி விசித்திரமானது. போட்டியாளர்கள் ஜிபிஎஸ்ஸைப் பார்க்கக் கூடாது. செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியைக் கொண்டு சூரியனையும் விண்மீன்களையும் அளந்து, காகித வரைபடத்தில் தங்கள் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதே படகில் பொருத்தியிருந்த கருவியோ அவர்களுடைய இடத்தைக் கரைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. பல நாள் மேகம் மூடியிருக்கும்போது, தாம் எங்கே இருக்கிறோம் என்பதை மாலுமி குத்துமதிப்பாகத்தான் அறிவார்; இங்கே வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் நான் துல்லியமாக அறிவேன். 2022ல் தொடங்கிய அடுத்த பந்தயத்தில், தென்னாப்பிரிக்கரான கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் 2023 ஏப்ரலில் பிரான்சை நெருங்கியபோது, தாம் முதலிடத்தில் வருவது அவருக்குத் தெரியாது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் அறிந்திருந்தோம்.

2018 செப்டம்பர் 21 அன்று, அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்ட இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் 'துரீயா' படகு பெரும்புயலில் புரண்டது. பாய்மரங்கள் முறிந்தன, அவருக்கு முதுகெலும்பில் காயம். எழுந்திருக்க முடியவில்லை என்பது போன்ற சிறு செய்திகளை மட்டுமே அவரால் அனுப்ப முடிந்தது. பெர்த்திலிருந்து ஏறத்தாழ 1,900 கடல்மைல் தொலைவு. அந்த நாள்களில் நான் வேறு எதையும் செய்யவில்லை. அவருடைய இடம் எங்களுக்கெல்லாம் தெரியும், இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் நம் தீவிலிருந்தே பறந்து போய்ப் படகைக் கண்டது. ஆனாலும் ரீயூனியனைத் தளமாகக் கொண்ட பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் ஓசிரிஸ் அவரிடம் போய்ச் சேர 24ஆம் தேதி ஆகிவிட்டது. இடம் தெரிந்ததால் கடல் ஒரு மைல்கூடக் குறையவில்லை. ஆனால் தேட வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று, அதனால்தான் மூன்று நாளில் முடிந்தது. அவர் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அடுத்த பந்தயத்தில் மீண்டும் கலந்துகொண்டு இரண்டாம் இடம் பெற்றார்.

கப்பலுக்குக் காத்திருப்பது இந்தத் தீவுக்குப் புதிதன்று என்பதையும் சொல்லத் தோன்றுகிறது. போர்ட் லூயிக்கு மேலே உள்ள சிக்னல் மலையில் நின்று, வரும் கப்பல்களைப் பார்த்து ஊருக்கு அடையாளம் காட்டியிருக்கிறார்கள். 1780களில் எத்தியேன் போத்தினோ என்பவர், அடிவானத்துக்கு அப்பால் சில நாள் பயணத் தொலைவில் வரும் கப்பல்களையும் வானத்தின் குறிகளைக் கொண்டு தம்மால் அறிய முடியும் என்று சாதித்தார். பிரான்சு வரை போய்ச் சொல்லியும் அவருடைய வித்தையை அங்கே யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. அவர் இன்று இருந்தால் உங்கள் கைபேசியைக் கண்டு மனமுடைந்திருப்பார்.

இனி டர்பன் பயணம். ரீயூனியனிலிருந்து சுமார் 1,400 கடல்மைல். பத்துப் பன்னிரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடகாஸ்கரின் தெற்கு முனைக்கு அருகே போகாமல் நன்றாக விலகிச் செல்வார்கள். பாதை தேவையில்லாமல் வளைவது போலத் தெரியும், அது வேண்டுமென்றே செய்வது. ஆப்பிரிக்கக் கரையை நெருங்கும்போதுதான் உங்களைக் குழப்பும் காட்சி வரும். அந்தக் கரையை ஒட்டித் தென்மேற்காக அகுலாஸ் நீரோட்டம் பாய்கிறது. தென்மேற்கிலிருந்து காற்று எழுந்து அந்த நீரோட்டத்தை எதிர்த்தால் அலை சுவர்போலச் செங்குத்தாக நிற்கும். எனவே விவரம் தெரிந்தவர்கள் காற்று மாறும்வரை வெளியிலேயே பாயைச் சுருக்கி, சுக்கானைக் கட்டிவிட்டு, படகை மிதக்க விடுவார்கள். அப்போது புள்ளி ஒரு நாள் முழுவதும் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். புள்ளியின் நேரம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால், அது நல்ல மாலுமியின் அடையாளம். நீங்கள் தூங்கப் போகலாம்.

பிறகு கடக்கத் தொடங்குவார்கள். ஆற்றைக் கடக்கும் தோணிக்காரர் எதிர்த்துறைக்குச் சற்று மேலே குறிவைப்பது போல, அவர்களும் டர்பனுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பே பக்கமாகப் படகின் முகத்தைத் திருப்புவார்கள். ஆறு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஆறு கடல்மைலில், வந்துகொண்டிருந்த படகு திடீரென்று பத்து நாட் என்று காட்டும், பாதை தெற்கே வளையும். இயந்திரத்தை முடுக்கிவிட்டார்களோ, எதற்கோ பயந்து ஓடுகிறார்களோ என்று எண்ண வேண்டாம். கருவி காட்டுவது தரையை ஒப்பிட்ட வேகம். படகு அதே ஆறில்தான் ஓடும், மீதி நான்கும் அதைச் சுமந்து செல்லும் நீரோட்டத்தினுடையது. உங்கள் மகன் புறப்படுமுன், எத்தனை மணிக்கு ஒரு புள்ளி, சந்தா எந்தத் தேதி வரை, மாற்றுக் கேபிள் ஒன்று எடுத்துக்கொண்டாயா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

அன்புடன்.