பனிக்கட்டிக்குள் அமில வாய்க்கால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐஸ் கம்பெனி பாரில் ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, நடு மட்டும் வெள்ளை. நடுப்பகுதி கரண்டை அதிகம் கடத்துமா? (நாகப்பட்டினம்)

கடத்தும். கேனில் முதலில் உறைவது ஓரம். நீர் உறையும்போது உப்பைப் படிகத்துக்குள் சேர்க்காமல் உள்ளே தள்ளிக்கொண்டே போகும். கடைசியாக உறையும் நடுவில் உப்பும் காற்றுக் குமிழியும் மாட்டிக்கொள்கின்றன. ஓரத் துண்டு ஒன்று, நடுத் துண்டு ஒன்று எடுத்துத் தனித்தனி டம்ளரில் உருகவிடுங்கள். மல்டிமீட்டர் முனைகளை ஒரே இடைவெளியில் வைத்தால், நடுத் துண்டின் நீரில் மின்தடை குறைவாகக் காட்டும். ஐஸ் மேலேயே வைத்து அளக்காதீர்கள். மேலே கசியும் நீர்ப்படலம் கணக்கைக் கெடுத்துவிடும்.

சுத்தமான பனிக்கட்டி மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாதே, துளி அமிலம் சேர்ந்தால் என்ன மாறுகிறது? (மன்னார்குடி, கல்லூரி மாணவி)

அருமையான கேள்வி. கம்பியில் ஓடுவது எலக்ட்ரான். பனிக்கட்டியில் ஓடுவது புரோட்டான், அதாவது ஹைட்ரஜனின் அணுக்கரு. ஒரு நீர் மூலக்கூறு தன் புரோட்டானைப் பக்கத்து மூலக்கூறிடம் கொடுக்க, அது அடுத்ததிடம் கொடுக்கும். ஒருமுறை கடந்துவிட்டால் அந்த வரிசை திரும்பி நிற்கும். மூலக்கூறுகள் மறுபடி சுழன்றால்தான் அடுத்த புரோட்டானுக்கு வழி. அப்படிச் சுழல, ஹைட்ரஜன் இல்லாத பிணைப்பு போன்ற குறைகள் தேவை. டென்மார்க் வேதியியலாளர் நீல்ஸ் பெரம் பெயரால் அவற்றைக் குறிப்பிடுகிறோம். ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற அமிலம் மிகச் சிறிய அளவில் படிகத்துக்குள்ளேயே புகுந்து, புரோட்டான், குறை இரண்டையும் தருகிறது.

கந்தக அமிலத்தின் கதை வேறு. அதற்குப் படிகத்துக்குள் இடமில்லை. 1988-இல் அண்டார்க்டிக் பனியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, மூன்று பனிமணிகள் (பனியின் தனித்தனிப் படிகங்கள்) சந்திக்கும் இடங்களில் அது திரண்டிருந்தது. ஒவ்வொரு பனிமணியையும் ஒரு வயலாக நினைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஓடும் வாய்க்காலில்தான் அமில நீர். மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே போனால்தான் அது உறையும். சுற்றிலும் கெட்டிப் பனி இருக்க, மின்சாரம் அந்த வாய்க்கால் வழியே போய்விடுகிறது.

ஃப்ரிட்ஜ் ஐஸை உருக்கி இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா? (கும்பகோணம்)

வேண்டாம். ட்ரேயில் மொத்த நீரும் உறைவதால் போர் தண்ணீரின் உப்பு முழுக்க அதிலேயே இருக்கும். டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிவிடுங்கள்.

பனியில் கரண்ட் வைத்துப் பழைய எரிமலை வெடிப்புகளைக் கண்டுபிடிப்பது எப்படி? (திருத்துறைப்பூண்டி)

எரிமலையின் கந்தக வாயு காற்றில் அமிலமாகி, பனியோடு துருவங்களில் படிகிறது. துளைத்தெடுத்த பனித்தண்டை நீளவாக்கில் அறுத்து, முகத்தைப் புதிதாகச் சீவி, ஆயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் உள்ள இரு முனைகளை அதன் மேல் இழுப்பார்கள். அமிலம் மிகுந்த அடுக்கு வந்ததும் மின்னோட்டம் எகிறும். டென்மார்க்கின் கிளாஸ் ஹாமர் 1980-இல் வெளியிட்ட முறை இது. ஐஸ்லாந்தின் லாக்கி 1783-இல் வெடித்தது கிரீன்லாந்துப் பனியில் அப்படியே பதிந்திருக்கிறது. 1815-இல் வெடித்த தம்போராவை இரு துருவங்களிலும் பார்க்கலாம்.

ஆனால் மின்னோட்டம் எகிறவில்லை என்பதால் வெடிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பனியுகத்தில் கிரீன்லாந்தில் படிந்த சுண்ணாம்புத் தூசி அமிலத்தை முறித்துவிட்டது. அந்த அடுக்குகளை உருக்கி, கந்தக அமிலம் விட்டுச்சென்ற சல்பேட் எவ்வளவு என்று அளந்துதான் முடிவு சொல்ல வேண்டும்.