மிசிசிப்பி கிராமத்தில் 1,800 டாலர் கடன்: கார் டைட்டிலைக் கொடுக்கும் முன்

கேள்வி: மிசிசிப்பி மாநிலம் டெல்டா பகுதியில் ஒரு சிறிய கவுன்ட்டியில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். விசாவில் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஊரில் அப்பாவுக்கு அடுத்த மாதம் பைபாஸ் அறுவை சிகிச்சை. போய்வர டிக்கெட்டும் செலவும் சேர்த்து 1,800 டாலர் வேண்டும். வங்கியில் கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது கடன் வாங்கி அடைத்த பதிவு, போதாது என்று சொல்லிவிட்டார்கள். ஹைவேயில் இருக்கும் ஒரு கடன் கடையில், என் காரின் டைட்டிலை (உரிமைப் பத்திரத்தை) அடமானமாகக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். தங்கை தன் நகையை அடகு வைத்து அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். நான் என்ன செய்வது?

பதில்:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டைட்டிலை யாரிடமும் கொடுக்காதீர்கள். உங்களுக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. நியாயமான வட்டிக்குக் கடன் வாங்க அது போதும். அப்படிக் கொடுக்கும் இடங்கள் உங்கள் பகுதியிலேயே இருக்கும். ஹைவேயில் பெரிய போர்டு வைக்காததால் கண்ணில் பட்டிருக்காது, அவ்வளவுதான்.

அந்தக் கடையின் கணக்கை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். நாம் வட்டியை மாதத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்றுதானே சொல்வோம்? நூற்றுக்கு இரண்டு என்றால் இரண்டு வட்டி, வருடத்துக்கு 24 சதவீதம். மிசிசிப்பி சட்டப்படி டைட்டில் லோன் கடை மாதம் 25 சதவீதம் வரை கட்டணம் வாங்கலாம். அதாவது இருபத்தைந்து வட்டி. ஊரில் பத்து வட்டி வாங்குகிறவரையே கந்துவட்டிக்காரர் என்போம். 1,800 டாலர் வாங்கினால் முப்பதாம் நாள் 2,250 டாலர் திருப்பித் தர வேண்டும். முடியாவிட்டால் அந்த 450 டாலர் கட்டணத்தோடு அசலில் ஒரு சிறு பங்கையும் கட்டி, இன்னொரு முப்பது நாள் தள்ளிப்போடலாம். ஆசிரியர் சம்பளத்தில் ஒரே மாதத்தில் 2,250 டாலரை எடுத்து வைக்க முடியாது என்பதால் பெரும்பாலும் தள்ளிப்போடுவதுதான் நடக்கும். நீங்கள் ஊரில் அப்பா பக்கத்தில் இருக்கும்போதே முதல் தவணை வந்து நிற்கும். தவறினால் காரை எடுத்துக்கொண்டு போவார்கள். பஸ்ஸே இல்லாத கவுன்ட்டியில் கார் போனால் வேலையும் ஆட்டம் காணும்; வேலை போனால் விசா. கடனைக் காட்டிலும் இந்தச் சங்கிலிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, எங்கே போவது? கிரெடிட் யூனியனுக்கு.

இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. ஊரில் 'சொசைட்டி' என்று சொல்வோமே, கூட்டுறவுக் கடன் சங்கம், அதன் அமெரிக்க உறவுதான் இது. வெறும் உவமைக்காகச் சொல்லவில்லை. 1890-களில் மெட்ராஸ் மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கே விவசாயிகளுக்கு எப்படிக் கடன் கிடைக்கிறது என்று பார்த்து வரச் சொன்னது. ஜெர்மனியில் ராய்ஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களைப் போல இங்கேயும் வேண்டும் என்று அவர் அறிக்கை எழுதினார். 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1907-இல் இந்தியாவுக்கு வந்த பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன் அந்தச் சங்கங்கள் நடப்பதை நேரில் பார்த்தார். ஊர் திரும்பியவர், 1909-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரெடிட் யூனியன் சட்டம் வர முன்நின்றார். நாடு முழுவதற்குமான சட்டம் 1934-இல் வந்தது. ஆகவே அந்தக் கதவைத் தட்ட நீங்கள் தயங்கவே வேண்டாம்.

கிரெடிட் யூனியனில் பணம் போடுகிறவர்கள்தான் முதலாளிகள். உறுப்பினராகச் சேர, பங்கு சேமிப்புக் கணக்கில் பெரும்பாலும் 5 டாலரிலிருந்து 25 டாலருக்குள் போட்டால் போதும். மத்திய அரசின் உரிமம் பெற்ற கிரெடிட் யூனியன்கள் சாதாரணக் கடனுக்கு வருடம் 18 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 1987-லிருந்து அந்த வரம்பு அப்படியே இருக்கிறது. நம் கணக்கில் ஒன்றரை வட்டி. இவற்றை மேற்பார்க்கும் என்.சி.யு.ஏ. என்ற மத்திய அமைப்பு, போடும் பணத்துக்கு 2,50,000 டாலர் வரை காப்பீடும் தருகிறது.

உங்களைப் போல கிரெடிட் ஹிஸ்டரி சிறிதாக இருப்பவர்களுக்கென்றே இன்னொன்று இருக்கிறது. அதன் பெயர் 'பேடே ஆல்டர்னேடிவ் லோன்', சுருக்கமாக 'பால்' (PAL). அடுத்த சம்பள நாளில் திருப்பித் தரச் சொல்லி அதிக வட்டிக்குக் கொடுக்கும் பேடே கடைகளுக்கு மாற்றாக 2010-இல் கொண்டுவந்தார்கள். முதல் வகையில் 200 முதல் 1,000 டாலர் வரை கிடைக்கும். உறுப்பினராகி ஒரு மாதம் ஆகியிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் அடைக்க வேண்டும். 2019-இல் வந்த இரண்டாவது வகை உங்களுக்கு ஏற்றது. 2,000 டாலர் வரை, பன்னிரண்டு மாதம் வரை, சேர்ந்த அன்றே விண்ணப்பிக்கலாம். இரண்டிலும் வட்டி வருடம் 28 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, விண்ணப்பக் கட்டணம் 20 டாலரைத் தாண்டக் கூடாது, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு வட்டி ஏற்றவும் கூடாது. ஒவ்வொரு தவணையிலும் அசல் குறைந்துகொண்டே வரும்.

1,800 டாலரைப் பன்னிரண்டு மாதத்தில் அடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 28 சதவீதத்தில் மாதம் சுமார் 174 டாலர், மொத்த வட்டி ஏறக்குறைய 285. சாதாரணத் தனிநபர் கடன் 18 சதவீதத்தில் கிடைத்துவிட்டால் மாதம் 165 டாலர், மொத்த வட்டி 180. டைட்டில் கடையில் முதல் மாதக் கட்டணமே 450.

எல்லாக் கிரெடிட் யூனியன்களும் பால் தருவதில்லை. போர்டிலும் எழுதி வைக்க மாட்டார்கள். அதனால் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "பால் டூ லோன் கொடுக்கிறீர்களா? இல்லையென்றால் புது உறுப்பினருக்கு, கிரெடிட் ஹிஸ்டரி குறைவாக இருந்தால், என்ன சிறு கடன் இருக்கிறது?" நான் பல வருடம் இப்படி ஒரு கடன் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். 'பெர்சனல் லோன் வேண்டும்' என்று மட்டும் கேட்டு, மறுப்பை வாங்கிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு வேறு பெயரில் ஒரு கடன் அதே மேசையில் இருந்தது.

முதலில் உங்கள் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆசிரியர்களுக்கென்று தொடங்கிய கிரெடிட் யூனியன்கள் அமெரிக்கா முழுக்க உண்டு. சம்பளத்திலிருந்தே தவணையைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் கடன் கொடுப்பவருக்கும் தைரியம் வரும். அப்புறம் என்.சி.யு.ஏ. இணையதளத்தில் இருக்கும் தேடும் கருவியில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக் கவுன்ட்டிகளையும் சேர்த்துத் தேடுங்கள். 'இந்தக் கவுன்ட்டிகளில் வசிப்பவர், வேலை செய்பவர், வழிபடுபவர், படிப்பவர் யாரும் சேரலாம்' என்பது பல இடங்களில் உறுப்பினர் விதி. வசிப்பது ஒரு கவுன்ட்டி, வேலை இன்னொன்று என்றால் இரண்டு வாசல் திறக்கும். சில கிராமத்துக் கிளைகள் வாரத்தின் எல்லா நாளும் திறந்திருக்காது. போன் செய்துவிட்டே கிளம்புங்கள்.

அடுத்து சி.டி.எஃப்.ஐ. என்று முத்திரை பெற்ற நிறுவனங்கள். வங்கிகள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்குக் கடன் கொண்டுபோவதற்காக, 1994-இல் வந்த ஒரு சட்டத்தின் கீழ் அமெரிக்க நிதித்துறை அங்கீகரிப்பவை. உங்கள் டெல்டாவுக்கு இதில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. ஜாக்சன் நகரில் 1995-இல் ஒரு தேவாலயத்தாரின் முயற்சியில் பிறந்த ஹோப் கிரெடிட் யூனியனும், 1980-களில் ஆர்கன்சாவில் தொடங்கிய சதர்ன் பேங்கார்ப்பும் அந்தப் பகுதிக்காகவே வேலை செய்பவை. ஆனால் சி.டி.எஃப்.ஐ. என்ற பெயரைப் பார்த்ததும் ஓடாதீர்கள். அவற்றில் பல தொழிலுக்கும் வீட்டுக்கும் மட்டுமே கடன் தருபவை, டிக்கெட் வாங்க ஒரு டாலரும் தராது. 'தனிநபர் கடன் உண்டா' என்று போனிலேயே கேட்டுவிட்டால் ஒரு நாள் மிச்சம்.

இப்போது உங்கள் வங்கி சொன்ன மறுப்புக்கு வருகிறேன். இது முக்கியம். விண்ணப்பம் கொடுத்து மறுக்கப்பட்டிருந்தால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்குச் சட்டத்தில் இருக்கிறது. கிரெடிட் அறிக்கையைப் பார்த்து மறுத்திருந்தால், அந்த அறிக்கையை 60 நாளுக்குள் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். வாங்கிப் பாருங்கள், முக்கியமாகப் பெயரைப் பாருங்கள். நம் பெயர்களில்தான் சிக்கல் வருகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும், விசாவில் முதல் பெயர் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று வந்திருக்கும், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் பின்னால் போயிருக்கும், மின்சார பில்லில் இனிஷியல் மட்டும் இருக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று கோப்பு உருவாகி, பதினான்கு மாத ஒழுங்கான கிரெடிட் கார்டு கட்டணம் ஒரு கோப்பில், விண்ணப்பம் இன்னொரு பெயரில் என்று ஆகிவிடும். 'ஹிஸ்டரி இல்லை' என்ற பதிலுக்குப் பின்னால் இது இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தால் திருத்தச் சொல்லி எழுதுங்கள். விண்ணப்பத்தில் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: கடைசி இரண்டு மூன்று சம்பளச் சீட்டு, பள்ளி ஒப்பந்தம், பாஸ்போர்ட், விசா ஆவணங்கள், ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவு), வாடகை ஒழுங்காகக் கட்டிய ரசீதுகள், மின்சார பில். அறிக்கையில் இல்லாத ஒழுங்கைக் காகிதத்தில் காட்டினால், சின்னக் கிரெடிட் யூனியனில் கடன் அதிகாரி அதைப் படித்துப் பார்ப்பார். விசா முடியும் தேதியை அவர் கேட்பார். திருப்பிக் கட்டும் காலம் அதற்குள் அடங்குகிறதா என்று பார்க்க அவருக்கு உரிமை உண்டு, கோபப்பட வேண்டாம். உங்கள் அனுமதியில் பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவாக மீதி இருந்தால், நீங்களே முந்திக்கொண்டு பத்து மாதத் தவணை கேளுங்கள்.

டவுனில் 'ஃபைனான்ஸ்' என்ற பெயரில் தவணைக் கடன் கடைகளும் இருக்கும். அவை டைட்டில் கடையை விட மேல் என்று யாராவது சொல்வார்கள். போனால் இரண்டைக் கவனியுங்கள். கடனோடு ஆயுள் காப்பீடு, விபத்துக் காப்பீடு என்று சேர்த்துத் தலையில் கட்டுவார்கள்; 'வேண்டாம்' என்று சொல்லலாம். பாதி அடைத்ததும் போன் செய்து, புதுக் கடனாக மாற்றி இன்னும் கொஞ்சம் தருகிறோம் என்பார்கள். அதில் விழுந்தால் கட்டியது கரைந்து முதலிலிருந்து தொடங்கும். எங்கே கையெழுத்துப் போட்டாலும் அதற்கு முன் ஏ.பி.ஆர். என்ற எண்ணையும் (கட்டணங்களும் சேர்ந்த வருட வட்டி விகிதம்), 'மொத்தம் திருப்பிக் கட்டுவது' என்ற தொகையையும் காகிதத்தில் காட்ட வேண்டும், 1968-லிருந்து சட்டம் அதுதான். போனில் அழைத்து, 'கடன் உறுதி, முதலில் 150 டாலர் அனுப்புங்கள்' என்று கேட்பவர் திருடர். பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள்.

தங்கை நகையைப் பற்றிக் கேட்டீர்கள். ஊரில் நகைக்கடன் வட்டி இங்கே உள்ளதை விடக் குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த நகை இப்போது அங்கேயே இருக்கட்டும். பைபாஸ் முடிந்து மருத்துவமனையில் பில் கூடினால், நள்ளிரவில் ஒரு லட்சம் கட்டச் சொன்னால், தங்கை கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான். தவிர, இங்கே வாங்கி இங்கே அடைக்கும் கடன் உங்கள் பெயரில் ஒரு நல்ல பதிவாக ஏறும். தவணை விவரத்தைக் கடன் பதிவுகளைத் தொகுக்கும் கிரெடிட் பீரோக்களுக்கு அனுப்புகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் நண்பர்கள் குழுவில் சீட்டு ஓடுகிறது, முதல் சீட்டை உங்களுக்கே தள்ளித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், நன்றாகத் தெரிந்தவர்களாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். அதில் வட்டி குறைவு, பாதுகாப்பும் குறைவு, கிரெடிட் பதிவும் ஏறாது.

ஒருவேளை முழு 1,800 கிடைக்காமல் 1,000 டாலர்தான் தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். மீதிக்குப் பள்ளியில் சம்பள முன்பணம் கேட்கலாம், அல்லது டிக்கெட்டைத் தவணையில் வாங்கலாம். அந்தத் தவணைக்கும் ஏ.பி.ஆர். உண்டு, 28-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கும் இரண்டு கிரெடிட் யூனியன்களுக்கும் போன் செய்துவிடுங்கள். தகுதியைப் பார்க்க முதலில் 'சாஃப்ட் புல்' (கிரெடிட் அறிக்கையை மேலோட்டமாகப் பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள், அதனால் கிரெடிட் ஸ்கோர் இறங்காது. வாரக் கடைசிக்குள் ஏதாவது ஓரிடத்தில் ஒப்புதல் வந்ததும் டிக்கெட்டைப் போடுங்கள். முதல் தவணை நீங்கள் ஊரில் இருக்கும் நாட்களில் விழுந்தால், கிளம்பும் முன்பே தானாகப் பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்பா கண் விழிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், வங்கிக்குப் போன் செய்துகொண்டு வராந்தாவில் அல்ல.