பாட்டு சொல்லிக்கொண்ட விதம்: சில கேள்விகள், சில பதில்கள்

கர்நாடக சங்கீத வித்வான்களும் வாக்கேயக்காரர்களும் (பாட்டும் மெட்டும் தாமே அமைப்பவர்கள்) எப்படிக் கற்றார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். பாட்டு சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேடம், என் மகளுக்கு எட்டு வயது. வகுப்பில் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் சரளி, ஜண்டை வரிசை என்ற ஆரம்ப ஸ்வரப் பயிற்சிகள்தான். பாட்டு எப்போது வரும்?

ஒரு வருடம் அதிகமில்லை அம்மா. இந்தப் பாடங்களை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. மாயாமாளவகௌளை ராகத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஸட்ஜமும் (ஸ) ரிஷபமும் (ரி) ஒட்டி நிற்கும். அங்கிருந்து காந்தாரத்துக்கு (க) பெரிய தாவல். காந்தாரமும் மத்திமமும் (ம) மறுபடி ஒட்டிக்கொள்ளும். பஞ்சமத்துக்கு (ப) மேலேயும் இதே அமைப்புதான். நெருக்கம், இடைவெளி இரண்டையும் குழந்தையின் காது ஒரே ராகத்தில் பிடித்துக்கொள்கிறது.

வீட்டில் சுருதிப் பெட்டியைப் போட்டு, முதல் சரளி வரிசையை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) பாடச் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் காலத்தில் தாளம் தடுமாறாமல், ரிஷபம் மேலே ஏறிவிடாமல் வருகிறதா என்று கவனியுங்கள். அது நிற்கும்வரை அவசரப்படுத்தாதீர்கள். அலங்காரம் என்ற தாளப் பயிற்சி முடிந்தால், முதல் பாட்டான கீதம் தானே வரும்.

குருகுலத்தில் தண்ணீர் சுமந்ததும் துணி துவைத்ததும்தான் மிச்சம் என்பார் என் தாத்தா. பாட்டு எப்போது நடந்தது?

தாத்தா சொல்வதில் உண்மை இருக்கிறது. வேலை மட்டும் வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் எதுவும் சொல்லித்தராத குருமார்களும் இருந்தார்கள். அதைத் தியாகம் என்று புகழ எனக்கு மனமில்லை.

ஆனால் நல்ல குரு வாய்த்தவனுக்கு அந்த வீடே பாடம். விடியற்காலையில் குரு சாதகம் (தினசரிப் பயிற்சி) செய்வது காதில் விழும். மூத்த மாணவனுக்குப் பாடம் நடக்கும்போது கூடத்தில் இருப்பான். கச்சேரியில் பின்னால் உட்கார்ந்து தம்புரா போடுவான், தகுதி வந்தபின் கூடவே பாடுவான். எதிரே உட்கார்ந்து கற்றது அரைமணி நேரமாக இருந்தாலும், கேட்டது நாள் முழுக்க. பாடம் பதிந்தது அப்படித்தான் என்பது என் திடமான எண்ணம்.

இப்படிக் கைமாறி வந்த ஒரு குரு-சீடர் வரிசையைப் பாருங்கள்: தியாகராஜரிடம் கற்றவர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர், அவரிடம் பட்டணம் சுப்பிரமணிய ஐயர், அவரிடம் ராமநாதபுரம் 'பூச்சி' சீனிவாச ஐயங்கார், அவரிடம் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். 1767-இல் பிறந்தவரிலிருந்து 1967-இல் மறைந்தவர் வரை, இருநூறு வருடத்துக்கு ஐந்தே பேர்!

ஒரே தியாகராஜ கீர்த்தனையை இரண்டு வித்வான்கள் இரண்டு விதமாகப் பாடுகிறார்களே, எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று தியாகராஜருக்குப் பல சீட பரம்பரைகள். வாலாஜாபேட்டைச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் காக்கப்பட்டன. மற்றபடி பெரும்பாலும் வாய்வழிதான், ஒவ்வொரு வழியிலும் சங்கதிகள் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள்) கூடின, குறைந்தன. முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளுக்கு 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இருக்கிறது. அதில் கமகங்களுக்கே (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் விதங்களுக்கே) தனிக் குறியீடுகள் உண்டு.

உங்கள் ஆசிரியரின் பாடாந்தரத்தை (அவர் வழியில் வந்த பாடமுறையை) முதலில் ஒழுங்காகப் பிடியுங்கள். இங்கே ஒரு சங்கதி, அங்கே ஒரு சங்கதி என்று யூடியூபில் பொறுக்கிச் சேர்க்காதீர்கள்.

மும்மூர்த்திகளுக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி?

மூவருக்கும் மூன்று வழி. தியாகராஜர் திருவையாற்றில் உஞ்சவிருத்தி (பாடிக்கொண்டே வீதியில் அரிசி யாசிப்பது) எடுத்தார். சியாமா சாஸ்திரிக்குத் தஞ்சை பங்காரு காமாட்சி கோயில் பூஜை இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் ஊர் ஊராகப் போனவர். 1835-இல் எட்டயபுரத்தில் காலமானார், சமாதியும் அங்கேதான்.

குருகுலம் என்றாலே ஆண்கள் கதைதான் வருகிறது. பெண்கள் எங்கே கற்றார்கள் அக்கா?

இதைக் கேட்டதற்கு நன்றி தம்பி. வீட்டில் கற்றார்கள், அந்த வீடுகள் எந்த குருகுலத்துக்கும் குறைந்தவை அல்ல. வீணை தனம்மாளை (1867–1938) எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி, அம்மா என்று வழிவழியாகச் சங்கீதம் இருந்த குடும்பம். தீட்சிதர் கீர்த்தனைகளைச் சாத்தனூர் பஞ்சு ஐயரிடம் பாடம் பண்ணினார். சென்னை ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ணா தெரு வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிக்க, பெரிய வித்வான்கள் வந்து கேட்டார்கள். பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி எல்லாம் அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடமும் பயின்றார்கள். பிருந்தாவின் பதமும் ஜாவளியும் (காதல் சுவைப் பாடல்கள்) பாடகி அருணா சாய்ராம் வரை வந்து சேர்ந்திருக்கின்றன. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு முதல் குரு மதுரையில் அவருடைய அம்மா, வீணை சண்முகவடிவு.

நாதஸ்வரக் குடும்பங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே கோயில் புறப்பாடே பயிற்சிக்களம். மல்லாரி என்ற புறப்பாட்டு இசையில் தொடங்கி, சுவாமி வீதி சுற்றி வரும்வரை இரவு நெடுநேரம் ராகம் வாசித்தாக வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அந்த மண்ணில் வந்தது. இசையையும் நடனத்தையும் பரம்பரையாகக் காத்த இசை வேளாளர் சமூகத்தின் வீடுகளை விட்டுவிட்டு எழுதப்படும் சங்கீத வரலாற்றை நான் முழு வரலாறாக ஏற்பதில்லை.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். ஜூமில் கற்பது போதுமா?

போதாது, ஆனால் செய்யலாம். சத்தம் தாமதமாக வருவதால் ஆசிரியரும் பிள்ளையும் சேர்ந்து பாட முடியாது, அதுதான் பெரிய இழப்பு. ஆசிரியரிடம் அனுமதி கேட்டு வகுப்பை ஒலிப்பதிவு செய்து, அதோடு சேர்ந்து தினமும் பாட வையுங்கள். ஊருக்கு வரும்போது ஆசிரியர் எதிரே நேரில் உட்காரட்டும். அந்த வாரங்களில் புதுப் பாட்டு கேட்காதீர்கள், பழையதைத் திருத்திக்கொள்ளட்டும்.