தம்பியின் கடனும் மேல்வீட்டுக் கூலியும்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் அரச உத்தியோகத்தர் எழுதுகிறார்: "தம்பிக்கு 34 வயது. பாசிக்குடாவில் ஹோட்டல் வெயிட்டர். கொரோனாவோடு வேலை போனது. அப்போது நான் கொடுத்த 80,000 ரூபாய் இன்னும் வரவில்லை. எந்த வேலையிலும் நிலைக்கிறான் இல்லை. 2020 கடைசியில் இளைய மகளுக்கு மேல்வீடு கட்டும்போது, சும்மா இருக்கிறானே என்று மேசனோடு நான்கு மாதம் சேர்த்துவிட்டு மூன்று நேரமும் சாப்பாடு கொடுத்தேன். திருந்தவில்லை. அம்மா இன்னும் அவனுக்குச் சோறு போடுகிறார். நிறுத்தச் சொல்லலாமா?"

சாப்பாடு கொடுத்தீர்கள், சரி. கூலி? கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கூலி பற்றி ஒரு வரி இல்லை. அதே மேசனோடு வந்த வெளியாளுக்குப் பொழுதுபட முன்னர் காசை எண்ணிக் கொடுத்திருப்பீர்கள். கொடுக்காவிட்டால் மறுநாள் வந்திருக்க மாட்டான். தம்பி நான்கு மாதமும் வந்தான். வீடில்லாமல் மகளுக்குக் கலியாணம் பேச முடியாத ஊர் நம்முடையது, தெரியும். ஆனால் அந்தச் சீதன வீட்டுக்குக் கல் சுமந்த சித்தப்பனைச் 'சும்மா இருக்கிறான்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

2020 மார்ச் 20இல் ஊரடங்கு போட்டார்கள். நீங்கள் வீட்டில் இருந்தீர்கள், சம்பளம் வங்கிக்கு வந்தது. கெட்டித்தனத்தால் அல்ல, அது அரசாங்கச் சம்பளம் என்பதால். வெயிட்டருக்கு அடிப்படைச் சம்பளம் சின்னது. மாதத்தை ஓட்டுவது பில்லில் போடும் 10 வீத சேவைக் கட்டணத்தின் பங்கும் டிப்ஸும்தான். ஆள் வராவிட்டால் இரண்டும் இல்லை. 2018இல் 23 லட்சம் வெளிநாட்டுக்காரர் வந்த நாடு இது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, நம் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமும் சேர்ந்துதான், அதிலேயே ஹோட்டல்கள் வெறிச்சோடின. அப்புறம் கொரோனா. 2021இல் வந்தவர்கள் இரண்டு லட்சமும் இல்லை.

வேலை கொடுக்க முடியாத ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அல்லது 14,500 ரூபாய், எது கூடவோ அது என்று 2020 மே மாதம் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் அரசாங்கமும் உடன்பட்டது உண்மை. இடாப்பில் பெயர் இருந்தவனுக்கு அது கொஞ்சமாவது உதவியிருக்கும். நாள் கணக்கில் எடுத்த பொடியன்களுக்கு "பிறகு கூப்பிடுகிறோம்" என்ற பதில்தான். 'எல்லோருக்கும்தானே கஷ்டம்' என்று மாதச் சம்பளக்காரர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த வருஷம் மேல்வீடு கட்டியவர் அதைச் சொல்லவே கூடாது.

அம்மாவின் சோற்றுப் பானையில் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அவர் போடட்டும். மூத்தவன் என்பது தம்பியிடம் கணக்குக் கேட்கும் பதவி என்று நினைத்துவிட்டீர்கள். சரி, கணக்கே பார்ப்போம். வெளியாளுக்குக் கொடுத்த நாட்கூலியை நான்கு மாதத்துக்குப் பெருக்குங்கள், 80,000ஐக் கழியுங்கள். சாப்பாட்டைக் கழிக்க வேண்டாம், அவன் தம்பி. மீதியை அம்மாவுக்கு முன்னால் அவன் கையில் கொடுங்கள். கடன் என்ற சொல்லை இனி எடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஹோட்டல் அவனுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டியதா என்று கேட்டீர்களா? முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம் கட்ட வேண்டிய காசு அது. படிவம், கடிதம், கந்தோர் எல்லாம் உங்களுக்குப் பழக்கம், அவனுக்குப் பயம். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்துக்கு அவனோடு போய் வாருங்கள்.